இருபது நிமிடத்துக்கு ஒரு க்ளிக்

போனை எடுத்ததுமே சிடுசிடுப்பது என் வழக்கம். எதிர்முனையில் இருப்பவர் தப்பு ஒன்றும் செய்திருக்க மாட்டார். மணி அடித்ததே தப்பு. என் பிழைப்பு அப்படி. சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு இணையதளம் எழுதிக் கொடுத்து, பிறகு அது படுத்துக்கொள்ளும்போதெல்லாம் எழுப்பி விடுகிறவள் நான். ஆள் ஒருத்திதான். முதலாளி, தொழிலாளி, குறை கேட்கும் அதிகாரி எல்லாம் நானே. நல்ல செய்தி சொல்ல யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

அந்தச் சிடுசிடுப்பில் நான் ஒரு நாள் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியம், ஒரு பெண்ணை ஏழு மாதம் நாற்காலியோடு கட்டிப் போட்டுவிட்டது.

நிறுவனம் சின்னதுதான். சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறிக்கொள்கிற மாதிரி பின்னால் லிஃப்ட் வைத்த வேன்கள் ஓட்டுகிறார்கள்; அப்போது எட்டு இருந்தன. டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், காலில் கட்டுப் போட்டவர்கள், வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற பிள்ளைகள், இவர்கள்தான் வாடிக்கை. இணையதளத்தில் இடமும் நேரமும் போட்டால் வேன் வாசலுக்கு வரும். காலை ஆறு மணியிலிருந்து இரவு எட்டு வரை சேவை. முன் மேசையில் உட்கார்ந்து எந்த வேன் எங்கே போக வேண்டும் என்று பார்த்துக்கொள்பவரை நான் அக்கா என்பேன். ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை, ஒரே மகள் வேறு ஊரில். டிரைவர்கள் அவரை முதுகுக்குப் பின்னால் 'கடிகாரம்' என்பார்கள். நேரத்துக்கு வேன் அனுப்புவதால் வந்த பெயர் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அந்தத் தளத்தில் ஒரு கோளாறு. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் செய்யாமல் இருந்தால் போதும், அடுத்து வருகிறவருக்கு 'மன்னிக்கவும், மீண்டும் முயலவும்' என்று வரும். மீண்டும் முயன்றால் சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது. வேன் நிறுவன முதலாளி தாம்தூம் என்று குதித்தார். நான் இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டு, பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தை முப்பது வினாடியிலிருந்து அறுபதாக ஏற்றினேன். 'சரிசெய்யப்பட்டது' என்று அறிக்கையும் அனுப்பினேன். அதற்கப்புறம் புகார் என்று ஒன்றுகூட வரவில்லை. "மேடம், கலக்கிட்டீங்க" என்றார் முதலாளி. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

போன மாதம் ஒன்பதாவது வேன் வாங்கினார்கள். அதைத் தளத்தில் சேர்த்து, அக்காவுக்கு ஒரு புதுப் பக்கத்தைக் காட்டிக் கொடுப்பதற்காக நானே நேரில் போனேன். எல்லாவற்றையும் போனிலேயே முடித்துக்கொள்கிறவள் நான். அன்று ஏதோ நல்ல புத்தி.

முன் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு டிரைவர் வேனைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். பார்க்கிங்கில் ஓர் ஈ குறுக்கே போனால்கூட அடிப்பாராம், அதனால் அவருக்குப் பெயர் ஹாரன். மேசை மேல் தக்காளி வடிவத்தில் ஒரு சமையல் டைமர் இருந்தது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அது 'டிர்ர்ர்' என்றது. அக்கா என் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமலே கையை நீட்டித் தளத்தைத் திறந்தார், தேடும் பெட்டியில் 1 என்று தட்டினார், ஒன்றாம் நம்பர் வேனின் விவரம் வந்ததும் மூடினார். டைமரை மறுபடி இருபதுக்குத் திருகி வைத்தார்.

"மாத்திரை நேரமாக்கா?"

"இல்லம்மா. உன் வேலைதான்."

"என் வேலையா?"

"நீதானே சொன்ன? அன்னிக்குக் கோளாறு வந்தப்ப உனக்குப் போன் பண்ணேன்ல. 'அதைச் சும்மா விடாதீங்கக்கா, இருவது நிமிஷத்துக்கு ஒரு தடவை எதையாவது அமுக்கிட்டே இருங்க, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டு டக்குனு வெச்சுட்ட. அன்னிலேர்ந்து அமுக்கறேன். ஒரு தொந்தரவும் இல்ல."

சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அன்று சாயங்காலம் வரைக்கும் சமாளிக்கச் சொன்ன வார்த்தை அது. சொன்னதை நான் அன்றே மறந்துவிட்டேன், கேட்டவர் மறக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை?"

"போன்லேர்ந்து அமுக்குவேன்."

"சாப்பாட்டு நேரம்?"

"இங்கயேதான் சாப்பிடறேன். என்னம்மா, போலீஸ் மாதிரி கேக்கற?"

"ராத்திரி யாரும் வர்றதில்லையே. காலையில முதல் ஆளுக்கு என்ன ஆகுது?"

"அந்த முதல் ஆளு நான்தான்" என்று சிரித்தார் அக்கா. "அஞ்சரைக்கு எந்திரிச்சு உக்காந்து தட்டுவேன். மன்னிக்கவும், மன்னிக்கவும்னு வரும். சில நாள் ரெண்டு தடவை, சில நாள் அஞ்சு. அஞ்சுக்கு மேல போனதே இல்ல. அப்புறம் சரியாயிடும். நடுவுல ரெண்டு பேர் ஒரே நேரத்துல வந்தா அதுல ஒருத்தருக்கு அந்த மன்னிக்கவும் விழும், என் திரையில தெரியும். அவங்களுக்கு நானே போன் பண்ணி வண்டி போட்டுடுவேன்."

ஐந்து என்பது நான் வைத்த எண். தளம் எப்போதும் ஐந்து இணைப்புகளுக்கு மேல் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நான் எழுதி வைத்திருந்தேன், அது எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா அதை எண்ணியே கண்டுபிடித்திருக்கிறார்.

ஆனால் இத்தனை பிழைகள் என் கண்ணில் ஏன் படவில்லை? மடிக்கணினியைத் திறந்து பிழைப் பதிவேட்டைப் பார்த்தேன். காரணம் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. ஆரம்பத்தில் அக்கா பழகுவதற்காகச் சும்மா சும்மா வேன் பதிவு செய்து பார்ப்பார். அந்தத் தொந்தரவு வேண்டாமென்று, அலுவலகக் கணக்கிலிருந்து வரும் பிழைகளை எனக்குக் காட்டாதே என்று நானே ஒரு வடிகட்டி போட்டிருந்தேன். வாடிக்கையாளருக்கு எப்போதாவது விழுந்த ஒன்றிரண்டை அவர்கள் பக்கத்து நெட் கோளாறு என்று விட்டிருந்தேன். வடிகட்டியை எடுத்தேன். திரை முழுக்கக் கொட்டியது. காலை 5.30, 5.30, 5.31, 5.30. ஏழு மாதம். ஒரு ஞாயிறு விடாமல். ஒரே ஒரு நாள் மட்டும் 5.48.

"அன்னிக்குக் காய்ச்சல்மா" என்றார் அக்கா, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "எந்திரிக்கக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு." ஏதோ மன்னிப்புக் கேட்பது மாதிரி சொன்னார்.

கோபம் எனக்குப் புதிதல்ல. ஆனால் அதை என் மேலேயே திருப்பிப் பழக்கமில்லை.

அப்போது அக்காவின் போன் அடித்தது. மகள். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் மூன்று எட்டு வைத்தால் முடிகிற அறை அது, காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும். "வரணும்னு ஆசைதான்டி... இங்க ஆள் இல்ல... பக்கத்து வீட்டு அக்கா கூட வருவாங்கன்னு சொன்னியே... அழாத. தலைச்சன் பிள்ளைன்னா அப்படித்தான் பயமா இருக்கும். அம்மா போன்லயே இருப்பேன்." வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் விடவில்லை. கேட்டு வாங்கினேன். மகளுக்கு இன்னும் பன்னிரண்டு நாளில் பிரசவம். மருமகன் கப்பலில் வேலை. இறங்க இரண்டு மாதம் ஆகும். மகள் தன்னந்தனியாக இருக்கிறாள். ரயிலில் ஆறு மணி நேரப் பயணம். முதலாளி பதினைந்து நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லி எப்போதோ சொல்லிவிட்டார்.

"அப்புறம் ஏன்க்கா போகல?"

அக்கா தக்காளியைப் பார்த்தார்.

"நான் போயிட்டா இதை யாரு அமுக்கறது? ரயில்ல பாதி தூரம் சிக்னல் இருக்காது. ஆஸ்பத்திரியில போனை அணைன்னு சொல்லிடுவாங்க. இந்த டிரைவருங்ககிட்ட சொல்லிப் பாத்தேன், ஒரு நாள்கூடத் தாங்கல, மறந்துட்டானுங்க. டயாலிசிஸ் ஐயா ஒருத்தர் இருக்காரு. ஒரு தடவை தட்டி வரலைன்னா மறு தடவை தட்ட மாட்டாரு. யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பேசாம வீட்லயே படுத்துடுவாரு. ஆரம்பத்துல அப்படி ஒரு நாள் விட்டுட்டாரு. மறுநாள் அவரைப் பாத்தேன், முகமெல்லாம் வீங்கிப் போய்... எனக்கு மனசு கேக்கலம்மா."

"நீங்க போறீங்க" என்றேன். அதட்டுகிற மாதிரிதான் வந்தது. எனக்கு வேறு மாதிரி வராது.

அன்று மத்தியானமே அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். என்ன நடக்கிறது என்று அக்காவுக்குச் சொல்லாமல் நகரக் கூடாது என்று தோன்றியது. விவரங்களெல்லாம் டேட்டாபேஸில் இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் புதிதாக அதைக் கூப்பிட்டால் நேரமாகும் என்று, தளம் சில இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும். முப்பது நிமிடம் ஓர் இணைப்பில் பேச்சே இல்லாவிட்டால், ஆள் போய்விட்டார் என்று டேட்டாபேஸ் தன் பக்கம் மூடிவிடும். தளத்துக்கு அது தெரியாது. அப்படிச் செத்த இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு 'மன்னிக்கவும்' வரும், ஐந்தும் செத்திருந்தால் ஐந்து.

"அதாவது, அந்தப் பக்கம் போனை வெச்சுட்டாங்க. இந்தப் பக்கம் நாம மட்டும் காதுல வெச்சுக்கிட்டு ஹலோ ஹலோன்னு கத்திட்டு இருக்கோம்."

"அதேதான்க்கா."

"அன்னிக்கு நீ என்கிட்ட டக்குனு வெச்ச மாதிரி" என்றார்.

நான் அன்றைக்கு ஏற்றிய அறுபது வினாடிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வைத்துவிட்ட போனில் எவ்வளவு நேரம் காத்திருந்தால் என்ன? செய்ய வேண்டியது இரண்டு. இருபத்தைந்து நிமிடம் சும்மா இருந்த இணைப்பைத் தளமே முந்திக்கொண்டு மூடிவிட வேண்டும். எந்த இணைப்பையும் வேலைக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் வராவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்க வேண்டும். மொத்தமே ஆறு வரி. ஏழு மாதத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டிய ஆறு வரி.

எழுதி ஏற்றினேன். மணி ஒன்றரை. ஒன்றரையிலிருந்து மூன்று வரை வாடிக்கையாளர் யாரும் பெரும்பாலும் வர மாட்டார்கள்.

"இப்போ முப்பத்தஞ்சு நிமிஷம் தொடக் கூடாது. அப்புறம் நீங்களே தட்டிப் பாருங்க."

தக்காளியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே ஷெட்டுக்குக் கீழே இருந்த பெஞ்சில் இரண்டு பேரும் போய் உட்கார்ந்தோம். அக்கா ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக மேசைக்கு வெளியே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். இரண்டு வாய்கூட இறங்கவில்லை. இருபதாவது நிமிடத்தில் அவருடைய வலது கை தானாக நகர்ந்தது. நான் பிடித்துக்கொண்டேன். ஹாரன் வேனைத் துடைத்துக்கொண்டே எங்களை விநோதமாகப் பார்த்தார்.

"என்னக்கா, கடிகாரம் நின்னுடுச்சா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்டா நீங்க வெச்ச பேரு" என்றார் அக்கா.

முப்பத்தைந்து நிமிடம் ஆனதும் உள்ளே போனோம். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு 1 என்று தட்டினார்.

'மன்னிக்கவும், மீண்டும் முயலவும்.'

அக்கா திட்டியிருந்தால் தேவலை. அவர் மெதுவாக மறுபடி தட்டினார், மறுபடி, சரியாகும் வரை. பிறகு கையை என் முன்னால் நீட்டினார்.

"பரவாயில்லம்மா. டைமரைக் கொடு. நீயும் என்னதான் பண்ணுவ."

அந்தப் 'பரவாயில்ல' என் மேல் விழுந்த அடி. நான் டைமரைக் கொடுக்கவில்லை. மடிக்கணினியை இழுத்து ஆறு வரியையும் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். எல்லாம் சரி. ஏற்றிய கோப்பைப் பார்த்தேன். சரி. தளம் எப்போது தொடங்கப்பட்டது என்று பார்த்தேன். பதினொரு நாளைக்கு முன்.

மாற்றியிருக்கிறேன், ஆனால் தளத்தை நிறுத்தித் திரும்பத் தொடங்கவில்லை. அது பழைய புத்தியோடேயே ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தொழிலில் முதல் வாரம் சேர்ந்தவர்கள் செய்கிற தப்பு. அவசரத்தில் பதினாலு வருட அனுபவம் காற்றில் பறந்துவிட்டது. எனக்கே சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"அக்கா, தப்பு என் பேர்ல. இன்னும் ஒரு முப்பத்தஞ்சு நிமிஷம் கொடுங்க."

"நீ சாப்பிட்டியா?" என்றார் அக்கா.

திரும்பத் தொடங்கினேன். மறுபடி பெஞ்ச். இந்தத் தடவை அக்கா தன் டப்பாவில் பாதியை மூடியில் போட்டு என்னிடம் நீட்டினார். மகள் சின்ன வயதில் இருட்டென்றால் பயப்படுவாள் என்று சொன்னார். மருமகன் கப்பலிலிருந்து பேசும்போது குரல் பாதி பாதியாக வருமாம். அவரும் 'ஹலோ ஹலோ' என்றுதான் கத்துவாராம். முப்பத்தைந்து நிமிடம் முடிந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை.

"நாப்பத்தஞ்சு ஆகட்டும்" என்றார். "ஒரேயடியா நம்பறதுன்னா நல்லா நம்பணும்."

நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் அவர் தட்டினார். ஒன்றாம் நம்பர் வேன், அதன் ஓட்டுநர், கடைசிப் பயணம், எல்லாம் சட்டென்று வந்து நின்றது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார். ரயில் டிக்கெட்டுக்குத்தான் என்று எனக்குத் தெரிந்தது.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். போன தடவை நான் எதையும் சரிசெய்யவில்லை, சரிசெய்தது அக்காவின் விரல் என்று. "அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். நான் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நீங்களும் கேட்டிருக்கலாம் என்றேன். பழைய அறிக்கையில் 'சரிசெய்யப்பட்டது' என்ற வரியை அடித்துவிட்டு உண்மையை எழுதி அனுப்பினேன்.

ஒரு வாரம் அக்கா டைமர் இல்லாமல் உட்கார்ந்து பார்த்தார். ஐந்தரைக்கு எழுந்து பார்த்தார். ஒரு 'மன்னிக்கவும்'கூட வரவில்லை. எட்டாம் நாள் கிளம்பினார். முன் மேசையில் கணுக்கால் சுளுக்கிக்கொண்ட ஹாரனை உட்கார வைத்தார்கள். அங்கே அடிக்க ஹாரன் இல்லாததால் பாவம், மிகவும் கஷ்டப்பட்டார்.

அக்கா போய்ச் சேர்ந்த முதல் நாள் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அலுவலகக் கணக்கு, அக்காவின் போனிலிருந்து. காலை 9.00, தேடல்: 1. 9.20, தேடல்: 1. 9.40, தேடல்: 1.

போன் போட்டுக் கத்தினேன். "அதான் வேண்டாம்னு சொன்னேன்லக்கா!"

"தெரியும்மா. கை சும்மா இருக்க மாட்டேங்குது. நீ கண்டுக்காத."

அவருடைய கணக்கை என்னால் ஒரு நொடியில் முடக்கியிருக்க முடியும். மனசு வரவில்லை. தட்டுவதால் ஒரு கெடுதலும் இல்லை. தட்டாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்பதை அவர் விரலுக்கு யாராலும் சொல்லிப் புரிய வைக்க முடியாது. அது தானாகப் புரிய வேண்டும். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும்.

நான்காம் நாள் வியாழக்கிழமை. வேறு வேலையாக உட்கார்ந்திருந்தபோதும் பதிவேட்டை ஓரத்தில் திறந்து வைத்திருந்தேன். 11.20, தேடல்: 1. 11.40, தேடல்: 1. பன்னிரண்டு மணிக்கும் வந்தது.

12.20க்கு வரவில்லை.

சிக்னல் இருக்காது என்று நினைத்தேன். 12.40க்கும் இல்லை. நான் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டேன். வாடிக்கையாளர்களும் யாரும் வரவில்லை. திரை அப்படியே கிடந்தது. ஒரு மணி. அந்தத் தளம் பகலில் இவ்வளவு நேரம் சும்மா கிடந்து நான் பார்த்ததே இல்லை. போன் எடுத்துக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

1.14க்கு ஒரு வரி வந்தது. டயாலிசிஸ் ஐயா. மூன்று மணிக்கு வேன் வேண்டுமாம். அதற்குக் கீழேயே அடுத்த வரி: புது இணைப்பு திறக்கப்பட்டது. அதற்குக் கீழே: பதிவு ஏற்கப்பட்டது, வேன் எண் 4. அவர் ஒரே ஒரு தடவைதான் தட்டியிருந்தார்.

1.50க்கு என் போன் அடித்தது. அக்கா. நான் சிடுசிடுக்காமல் எடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். பின்னால் ஒரு வாய் வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்தது.

"ஐயோ, பன்னெண்டு மணிக்கு அப்புறம் அமுக்கவே இல்லம்மா! சுத்தமா மறந்தே போயிட்டேன். வண்டியெல்லாம் ஓடுதா? அந்த ஐயா தட்டினாரா?"

"தட்டினாரு, மூணு மணிக்கு வண்டியும் போட்டாச்சு. நீங்க மறந்ததும் எனக்குத் தெரியும்க்கா. அப்பவே விஷயத்தைக் கண்டுபிடிச்சுட்டேன்."

"என்ன கண்டுபிடிச்ச?"

"ஆணா பொண்ணான்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.